5 லட்சத்தில் ஒரு சமையலறை, இரண்டு பாத்ரூம்: பணத்தை எங்கே போடுவது?

சென்னையில் 25 வருடப் பழைய அடுக்குமாடி வீடு. 8-க்கு 10 அடியில் சமையலறை, 5-க்கு 7 அடியில் இரண்டு பாத்ரூம். நங்கநல்லூர், மடிப்பாக்கம், குரோம்பேட்டை, அம்பத்தூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்படி ஒரு வீடு இருக்கும். ஷவரில் தண்ணீர் சன்னமாக வருகிறது. தன் பாத்ரூம் கூரையில் ஈரம் இறங்குகிறது என்று கீழ் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சிங்க் அடியில் இருக்கும் அலமாரிக் கதவு ஊதிப்போய் மூட மறுக்கிறது. கையில் இருப்பது 5 லட்சம்.

இன்டீரியர் கம்பெனியில் கேட்டால் சமையலறைக்கு மட்டுமே மூன்று, மூன்றரை லட்சம் என்று அழகான படத்தோடு எஸ்டிமேட் தருகிறார்கள். தெரிந்த மேஸ்திரியைக் கேட்டால், ‘அஞ்சு லட்சத்துல எல்லாத்தையும் முடிச்சுடலாம் சார்’ என்கிறார். முதல் வழியில் பாத்ரூமுக்குப் பணம் மிஞ்சாது. இரண்டாவது வழியில் எல்லாமே நடக்கும், ஆனால் எதில் கை வைத்துக் குறைத்தார் என்பது மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும்.

இந்த மாதிரிக் கணக்கில் ஒவ்வொரு செலவையும் பார்த்து நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பின்னால் இதை மாற்ற வேண்டி வந்தால் எதையாவது உடைக்க வேண்டுமா? உடைக்க வேண்டும் என்றால், சுவருக்குள் போகும் குழாய், தரைக்கு அடியில் போகும் வாட்டர் புரூஃபிங், ஒயரிங் இவற்றில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது. உடைக்காமல் மாற்றலாம் என்றால், அலமாரிக் கதவு, சிம்னி, கண்ணாடி, ஷவர் தலை எல்லாம் அடுத்த தீபாவளி போனஸுக்குக் காத்திருக்கலாம். கீழே வரும் ஒவ்வொரு ஒப்பீட்டையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் செய்திருக்கிறேன்.

விலைகள் சென்னையில் பொதுவாகக் கேட்கக்கூடிய ஏறத்தாழக் கணக்கு. மதுரையிலோ திருச்சியிலோ கூலி கொஞ்சம் குறையலாம், நான்காவது மாடி என்றால் மணல் ஏற்றும் கூலி கூடலாம். எண்களைவிட எது பெரிய செலவு, எது சின்னச் செலவு என்ற விகிதத்தைப் பாருங்கள்.

முதலில் 5 லட்சத்தை 4.25 லட்சமாக்குங்கள்

பழைய வீட்டில் உடைத்தபிறகுதான் உள்ளே இருப்பது தெரியும். ஸ்லாப் கம்பி துருப்பிடித்திருக்கலாம், பாத்ரூமுக்கு வெளியே ஷாஃப்டில் இறங்கும் மெயின் குழாயே வெடித்திருக்கலாம். அதனால் 15 சதவீதத்தை, அதாவது 75,000 ரூபாயை, வேறு கணக்கில் எடுத்து வைத்துவிடுங்கள். மேஸ்திரியிடம் சொல்லும் பட்ஜெட் 4.25 லட்சம்தான். இந்தத் தொகை ‘மிஞ்சினால் சிம்னி வாங்கலாம்’ என்பதற்கான பணம் அல்ல. வேலை முடியும்வரை அதைத் தொடவே கூடாது.

மூன்று வழிகள்

பெரும்பாலான வீடுகளில் பேச்சு மூன்று வழிகளைச் சுற்றித்தான் ஓடும். இப்போது சமையலறை, அடுத்த வருடம் பாத்ரூம். அல்லது இப்போது பாத்ரூம், பிறகு சமையலறை. அல்லது எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

சமையலறையை முதலில் செய்ய ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் ஒருவர் தினமும் மூன்று நான்கு மணி நேரம் நிற்கிற இடம் அது. ஆனால் கீழ் வீட்டில் ஈரம் இறங்கிக்கொண்டிருக்கும்போது 3 லட்சத்தை மாடுலர் கிச்சனில் போட்டால், ஸ்லாப்புக்குள் இருக்கும் கம்பி அந்த ஒரு வருடமும் துருப்பிடித்துக்கொண்டேதான் இருக்கும். அடுத்த வருடம் பாத்ரூமை உடைக்கும்போது செலவு கூடியிருக்கும், உடைக்கிற தூசியெல்லாம் புதுக் கிச்சனில் போய்ப் படியும். கீழ் வீட்டில் புகார் இல்லை, ஷவரில் தண்ணீர் நன்றாக வருகிறது என்றால் மட்டுமே இந்த வழியைப் பரிந்துரைப்பேன்.

பாத்ரூமை மட்டும் முதலில் செய்வது பாதுகாப்பான வழி. இதில் உள்ள நஷ்டம் ஒன்றுதான். பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் கொத்தனாரும் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறார்கள், இடிபாடு ஏற்ற வண்டி வந்து நிற்கிறது, அசோசியேஷனில் அனுமதியும் வாங்கியாகிவிட்டது. சமையலறைக் குழாயையும் ஒயரையும் அப்போதே மாற்றாமல் விட்டால் இவ்வளவையும் இன்னொரு தடவை கூட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் என்பது 8 லட்சம் இருப்பவர்களுக்குச் சரி. 5 லட்சத்தில் செய்தால் எல்லாவற்றிலும் ஒரு படி தரம் இறங்கும். மேஸ்திரி கை வைப்பது கண்ணுக்குத் தெரிகிற டைல்ஸில் அல்ல, கண்ணுக்குத் தெரியாத குழாயிலும் பூச்சிலும்தான்.

நான் தேர்ந்தெடுப்பது இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு வழி. இரண்டு பாத்ரூமையும் முழுதாகச் செய்துவிடுவது. சமையலறையில் குழாய், ஒயரிங், மேடைக் கல், சுவர் டைல்ஸ் ஆகிய உடைக்கிற வேலைகளை மட்டும் அதே சமயத்தில் முடிப்பது. மர வேலைக்கு மிஞ்சுகிற பணத்தில் எளிமையான அலமாரி. விலை உயர்ந்த கூடைகள், சிம்னி, ஹாப் (மேடையில் பதிக்கும் அடுப்பு) எல்லாம் பிறகு.

பாத்ரூம்: சர்ச்சை டைல்ஸில், செலவு வேறெங்கோ

கணக்கைப் பார்ப்போம். 5-க்கு 7 அடி பாத்ரூமின் தரை 35 சதுர அடி. நான்கு சுவரும் சேர்ந்து 24 அடி நீளம். 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் போட்டால் 168, கதவைக் கழித்தால் சுமார் 150. மொத்தம் 185 சதுர அடி. வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 205 வரை வாங்க வேண்டும். சதுர அடி 50 ரூபாய் டைல்ஸ் என்றால் 10,000-க்குச் சற்று மேல். 90 ரூபாய் டைல்ஸ் என்றால் 18,500. வித்தியாசம் 8,000 ரூபாய்தான். நாட்டின் டைல்ஸில் பெரும்பங்கு குஜராத்தின் மோர்பியிலிருந்துதான் வருகிறது. ஷோரூமில் ஏசி போட்டுக் காட்டுவதும், சாதாரணக் கடையில் அட்டைப் பெட்டியோடு அடுக்கி வைத்திருப்பதும் பல சமயம் அதே ஊர்ச் சரக்குதான். குடும்பம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழிப்பது இந்த 8,000 ரூபாய் கேள்விக்காக. வாட்டர் புரூஃபிங் யார் செய்கிறார், எத்தனை கோட் என்று கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

ஒரு பாத்ரூமுக்கு என் கணக்கு இப்படிப் போகிறது. கொத்தி எடுத்து இடிபாட்டை அப்புறப்படுத்த 15,000. குழாய்ச் சாமானும் பிளம்பர் கூலியும் 25,000. வாட்டர் புரூஃபிங் 10,000. டைல்ஸ் 11,000, அதை ஒட்டக் கூலி, சிமென்ட், எம்.சாண்ட், பசை எல்லாம் சேர்த்து 20,000. கிளாசெட், வாஷ் பேசின், வெந்நீரும் தண்ணீரும் கலந்து தரும் மிக்சர், குழாய்கள் 25,000. எலக்ட்ரிக்கல் 6,000, கதவு 8,000, கூரைப் பூச்சும் சில்லறையும் 3,000. மொத்தம் 1.23 லட்சம். இரண்டுக்கும் 2.5 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய கீசர் நல்ல நிலையில் இருப்பதாகக் கொண்ட கணக்கு இது.

முழுதாக உடைக்கத்தான் வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. இதைவிட மலிவான வழிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி, எபாக்ஸி என்ற நீர் புகாத கலவையை நிரப்புவது. ஈரம் இப்போதுதான் லேசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது, குழாய்களில் ஒழுகல் இல்லை என்றால் இதை முதலில் செய்து பார்க்கலாம். சில ஆயிரங்களில் முடியும், இரண்டு நாளில் பாத்ரூமும் திரும்பக் கிடைக்கும். இரண்டாவது, பழைய டைல்ஸ்மேல் பசை வைத்துப் புது டைல்ஸ் ஒட்டுவது. இடிபாடு இல்லை, சத்தம் இல்லை, பார்க்கப் புதிதாக இருக்கும். ஆனால் தரை அரை இஞ்சுக்கு மேல் உயரும், வாசல்படியின் உயரம் குறையும், சில வீடுகளில் கதவின் அடியைச் சீவ வேண்டிவரும். அதைவிட முக்கியம், அடியில் இருக்கும் ஈரம் அப்படியேதான் இருக்கும். வாடகைக்கு விடும் வீட்டில், ஒழுகல் எதுவும் இல்லாத பாத்ரூமுக்கு இது போதும். ஒழுகுகிற பாத்ரூமுக்கு இந்தச் செலவு அத்தனையும் வீண்.

ஏன் என்று ஒரு தடவை உடைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். அடுக்குமாடிகளில் பாத்ரூம் ஸ்லாப்பை, சுற்றியுள்ள தரையைவிட ஏறக்குறைய ஓர் அடி பள்ளமாக வார்த்து, அதற்குள் குழாய்களை ஓட்டி, மேலே செங்கல் ஜல்லி போட்டு மூடியிருப்பார்கள். கொத்தனார் தரையைப் பெயர்த்ததும் அந்த ஜல்லி கறுத்து, சொதசொதவென்று, சாக்கடை வாடையோடு வெளியே வரும். பெரிய உடைசல் எதுவும் கண்ணில் படாது. தரைத் தண்ணீர் வெளியேறும் நஹானி டிராப்பைச் சுற்றி மயிரிழை விரிசல், டைல்ஸ் இடுக்கில் கரைந்துபோன வெள்ளைச் சிமென்ட், அவ்வளவுதான். அந்த வழியாகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய தண்ணீர் வருடக்கணக்கில் அங்கேயே தேங்கி நிற்கும். சுவரிலிருந்து எடுத்த பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை அறுத்துப் பாருங்கள். உள்ளே துரு அடைத்து, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். ஷவரில் தண்ணீர் வராததற்கு மோட்டாரும் டேங்கும் காரணமே இல்லை.

ஆகவே முழுதாக உடைப்பது என்று முடிவெடுத்தால், இரண்டு சோதனைகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் ஓட்டி முடித்ததும் சுவரை மூடுமுன் கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் ஓர் இரவு முழுக்க இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு தரையிலும், சுவரில் ஓர் அடி உயரம்வரையும், ஷவர் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கும் வாட்டர் புரூஃபிங் இரண்டு கோட் அடித்து, காய்ந்தபின் டிராப்பை அடைத்து, வாசலில் சின்ன வரப்பு கட்டி, தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விட வேண்டும். கீழ் வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவைத்து அவர் கூரையைப் போய்ப் பாருங்கள். இந்த இரண்டு நாள் தாமதத்தைத்தான் எந்த மேஸ்திரியும் விரும்ப மாட்டார். ‘நான் கேரண்டி சார்’ என்பார். தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகுதான் டைல்ஸ் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சாமான் வாங்கும்போது எங்கே குறைக்கலாம்? தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் திருப்பிவிடும், சுவருக்குள் புதையும் கன்சீல்டு டைவர்ட்டர் பார்க்க அழகு. ஆனால் பத்து வருடம் கழித்து அதன் உள்பாகம் கெட்டு, அந்த மாடல் கடையில் இல்லை என்றால் டைல்ஸை உடைக்க வேண்டும். சுவருக்கு வெளியே நிற்கும் வால் மிக்சர் விலையும் குறைவு, ஸ்பேனர் வைத்தே கழற்றி மாற்றலாம். சென்னை போர் தண்ணீரின் உப்பு எந்தக் குழாயையும் சும்மா விடாது என்பதால் நான் தயங்காமல் வால் மிக்சர்தான் சொல்வேன். கிளாசெட்டுக்கும் இதே நியாயம்தான். சுவரில் தொங்கும் மாடலுக்கு ஃபிளஷ் டேங்க் சுவருக்குள் போகும். தரையில் நிற்கும் சாதாரண மாடலில் எல்லாம் வெளியே. கூட்டிப் பெருக்கச் சுவரில் தொங்குவது வசதி என்பது உண்மைதான், ஆனால் அந்த வசதிக்கான விலை இந்த பட்ஜெட்டுக்குள் வராது. கிளாசெட் இடத்தை மட்டும் மாற்றாதீர்கள். மாற்றினால் கழிவுக் குழாயின் வாட்டம் கெட்டு அடைப்பு ஆரம்பிக்கும். கடைக்குப் போகுமுன் பழையது தரை வழியாகப் போகிறதா, சுவர் வழியாகப் போகிறதா என்று பாருங்கள். தரை என்றால் சுவரிலிருந்து ஓட்டையின் நடுவரை 9 இஞ்சா 12 இஞ்சா என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒன்று கூடுதல். சுவர் திறந்திருக்கும்போதே கைப்பிடிக் கம்பி எங்கே வரும் என்று குறித்து, அந்த இடத்தைக் கெட்டியாகப் பூசச் சொல்லுங்கள், அந்த வழியாகக் குழாய் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தரைக்கு வழுக்காத மேட் டைல்ஸ். ஷோரூமில் பளபளப்பானது எவ்வளவு கண்ணைப் பறித்தாலும் அதைச் சுவரோடு நிறுத்திவிடுங்கள்.

சமையலறை: உடைக்கிற பாகம்

எல் வடிவ மேடை, ஒரு பக்கம் 10 அடி, மறுபக்கம் 6 அடி, இரண்டு அடி அகலம். மொத்தம் 32 சதுர அடி கல். இதற்குக் கிரானைட்டா குவார்ட்ஸா என்று ஒரு விவாதம் நடக்கும். குவார்ட்ஸ் என்பது கல் தூளைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்வது. கறை பிடிக்காது, வெள்ளை நிறத்தில் கிடைக்கும், விலை கிரானைட்டைப்போல இரண்டு மடங்காவது இருக்கும். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டியை அப்படியே அதன்மேல் வைத்தால் பிசின் கருகிக் கறை நிரந்தரமாகிவிடும். நம் சமையலில் குக்கரும் தோசைக்கல்லும் நேராக மேடைக்குத்தான் வரும். கிரானைட்டுக்கு அந்தப் பயம் இல்லை. ஆந்திராவின் சீமகுர்த்தியில் எடுக்கும் புள்ளி போட்ட கறுப்பு, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கற்கள் என்று நம் பக்கத்திலேயே விளைகிற பொருள். மாதவரம், செங்குன்றம் பக்கம் ஜி.என்.டி. ரோட்டில் வரிசையாக இருக்கும் கிடங்குகளில் நேரில் பார்த்து, வெயிலில் நிறுத்தி, தண்ணீர் தெளித்துப் பார்த்து எடுக்கலாம். சாயம் ஏற்றிய கல்லைத் துணியில் தின்னர் நனைத்துத் துடைத்தால் துணியில் கறுப்பு ஒட்டும். விளிம்பு மோல்டிங், சிங்க் வெட்டு, பதிக்கும் கூலி எல்லாம் சேர்த்து 15,000-க்குள் முடித்துவிடலாம்.

ஒயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். 25 வருடத்துக்கு முன் போட்ட சமையலறையில் மிக்சிக்கும் ஃபிரிட்ஜுக்கும்தான் பாயிண்ட் இருக்கும். இன்று இண்டக்‌ஷன், மைக்ரோவேவ், ஆர்.ஓ., நாளைக்குச் சிம்னி, ஒருவேளை டிஷ்வாஷர். இப்போது வாங்காத சாமானுக்கும் பாயிண்ட், குழாய் இணைப்பு, கழிவு வழி மூன்றையும் இப்போதே விட்டுவையுங்கள். கூடுதல் செலவு சில ஆயிரம்தான். கீசர், இண்டக்‌ஷன் போன்றவற்றுக்குத் தனி லைன், மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இது அழகு சார்ந்த செலவே அல்ல, ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடுகிறவரின் உயிர் சார்ந்தது.

மேடையைப் பெயர்த்துப் புதிதாகக் கட்ட 15,000, கல் 15,000, அலமாரித் தட்டுகளுக்குக் கடப்பா கல் 12,000, சுவர் டைல்ஸும் ஒட்டும் கூலியும் 7,000, பிளம்பிங் 12,000, ஒயரிங் 18,000, சிங்க் 6,000. மொத்தம் 85,000. பாத்ரூமுக்கு 2.5 லட்சம் போனது போக, மர வேலைக்கு மிச்சம் 90,000.

அலமாரி: நான்கு விதம்

மேடைக்குக் கீழே 16-க்கு இரண்டரை அடி, மேலே 16-க்கு 2 அடி என்று முன்பக்க அளவு 72 சதுர அடி வருகிறது. நல்ல பிளைவுட்டில் தொழிற்சாலையில் செய்து வரும் மாடுலர், சதுர அடி 1,800 என்று பார்த்தால் 1.3 லட்சம். டேண்டம் கூடை (தண்டவாளத்தில் இழுபடும் இழுப்பறை), மூலை அலமாரி, சிம்னி, ஹாப் சேர்ந்தால் 2 லட்சத்தைத் தாண்டும். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் பெரும்பாலும் ‘தனி’ என்று கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கும். 2 லட்சத்துக்கு அது 36,000 ரூபாய். கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நேர்த்தி, வேகம், வாரண்டி இவை மாடுலரின் பலம். வீட்டில் மரத்தூள் பறக்காது, ஒரு வாரத்தில் பொருத்திவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் குறைந்த விலைப் பேக்கேஜ் என்று வருவதில் உள்பெட்டி, மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டாக இருக்கலாம். சிங்க் அடியில் ஒரு தடவை ஒழுகினால் போதும், போர்டு ஊதி, கீலின் திருகு பிடிப்பு விட்டு, கதவு தொங்கிவிடும்.

ஆசாரியை வைத்து வீட்டிலேயே செய்தால் சதுர அடி 1,300 அளவில் முடிக்கலாம். அளவை நம் இஷ்டத்துக்கு வைக்கலாம், தூணையும் குழாயையும் சுற்றி வளைத்துச் செய்யலாம். பிளைவுட்டை நீங்களே போய் வாங்குங்கள். சமையலறைக்கு ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரை உள்ளதுதான், அதன் பசை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும். ஐ.எஸ். 303-இல் வரும் எம்.ஆர். (ஈரப்பதத்தை மட்டும் ஓரளவு தாங்கும்) ரகம் ஹால் ஷோகேஸுக்குப் போதும், சிங்க் பக்கத்தில் வைக்கக் கூடாது. எண் ஒவ்வொரு ஷீட்டிலும் அச்சாகியிருக்கும். வண்டியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள்.

பி.வி.சி. கிச்சன் கரையானுக்கும் தண்ணீருக்கும் அஞ்சாது, மலிவு. ஆனால் கனமான அரிசி டப்பா, கிரைண்டர் பாத்திரம் வைக்கும் தட்டு நாளடைவில் நடுவில் வளையும், அடுப்புப் பக்கத்தில் சூடும் ஆகாது. துணி துவைக்கும் இடத்துக்கோ, மேல் பரணுக்குக் கதவு போடவோ நல்லது.

நான்காவது, நம் ஊரில் பல காலமாக இருக்கிற வழி. மேடைக்கு அடியில் கடப்பா கல்லைச் செங்குத்தாகவும் தட்டாகவும் வைத்து, முன்பக்கம் மட்டும் சட்டமும் கதவும் போடுவது. இன்டீரியர் கம்பெனிகள் இதைச் சொல்லவே சொல்லாது, ஏனென்றால் அதில் அவர்களுக்கு விற்க எதுவும் இல்லை. கரையான் வராது, ஒழுகினாலும் ஊதாது, எவ்வளவு கனம் வேண்டுமானாலும் தாங்கும். கதவு பழசானால் கதவை மட்டும் மாற்றலாம். இழுப்பறை வைக்க ஒன்றிரண்டு இடத்தை மட்டும் கல் இல்லாமல் விடச் சொல்ல வேண்டும், பிற்பாடு டேண்டம் கூடை அங்கே பொருந்தும். கீழ்ப் பகுதி 40 சதுர அடிக்குக் கதவும் சட்டமும் 600 வீதம் 24,000. இழுப்பறைகள் 20,000. மேலே 32 சதுர அடிக்கு ஆசாரி கையால் பிளைவுட் பெட்டி, 1,300 வீதம் 41,600. மொத்தம் 85,600. மிச்சமிருந்த 90,000-க்குள் அடங்கிவிட்டது. 5 லட்ச பட்ஜெட்டுக்கு இந்தக் கலவையைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

லேபர் கான்ட்ராக்டா, மெட்டீரியலோடா?

சாமானை நாமே வாங்கி, கூலியை மட்டும் பேசுவது லேபர் கான்ட்ராக்ட். தரம் நம் கையில், ஆனால் ‘சார், ஒரு எல்போ குறையுது’ என்று காலை 11 மணிக்கு போன் வரும். வீட்டில் ஒருவர் முழு நேரம் இருக்க முடியாவிட்டால் வேலையாட்கள் சும்மா உட்கார்ந்து நாள் போகும். மெட்டீரியலோடு பேசினால் தலைவலி குறைவு, ஆனால் ‘நல்ல பைப்’ என்றால் எந்தப் பைப் என்ற சண்டை பின்னால் வரும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு நான் சொல்வது, சிமென்ட், மணல், குழாய், பசை எல்லாம் அவர் பொறுப்பு, ஆனால் பிராண்டும் அளவும் ஒப்பந்தத்தாளில் எழுதியிருக்க வேண்டும். டைல்ஸ், கிளாசெட், மிக்சர், பிளைவுட் நாமே வாங்குவது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதைச் சொல்லிப் பேரம் பேசலாம், ஆனால் பாத்ரூம் வேலையில் போகும் சில மூட்டைகளுக்கு அது பெரிய தொகை ஆகாது.

கடன் வாங்கிச் சமையலறையையும் முழுதாகச் செய்துவிடலாமா?

3 லட்சம் பர்சனல் லோன், 12 சதவீதம், மூன்று வருடம் என்றால் மாதம் 9,964 ரூபாய். மொத்த வட்டி 58,700. அதையே 9 சதவீதத்தில், ஓடும் வீட்டுக் கடனோடு சேரும் கூடுதல் கடனாக (டாப்-அப்) கிடைத்தால் மாதம் 9,540, வட்டி 43,400. வித்தியாசம் சுமார் 15,000. ஏற்கெனவே வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் அந்த வங்கியில் முதலில் கேளுங்கள், ஆனால் பிராசசிங் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள், சின்னத் தொகைக்கு லாபம் கரைந்துவிடும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைப் புதுப்பிக்க வாங்கிய கடனின் வட்டிக்குப் பழைய வரி முறையில் வருடம் 30,000 வரை கழிவு உண்டு, புதிய முறையில் கிடையாது. பாத்ரூம் ஒழுகலைச் சரிசெய்யக் கடன் வாங்குவது சரி, தள்ளிப்போட்டால் செலவு ஏறும். டேண்டம் கூடைக்கும் சிம்னிக்கும் வட்டி கட்டுவதைவிட, அதே 9,964-ஐ மாதம் சேர்த்தால் ஒரு வருடத்தில் 1.2 லட்சம் கையில் இருக்கும்.

எப்போது ஆரம்பிப்பது

பொங்கல் முடிந்து மே வரை நல்ல காலம். பூச்சு சீக்கிரம் காயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாட்டர் புரூஃபிங் செய்தால் ஈரம் காயக் காத்திருந்தே நாள் போகும். தீபாவளி, பொங்கலை ஒட்டி ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆடியில் வேலை தொடங்கப் பிடிக்காதவர்கள் அந்த மாதத் தள்ளுபடியில் சிங்க், மிக்சர், கீசர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். இரண்டு பாத்ரூமையும் ஒரே நாளில் உடைக்காதீர்கள். முதலாவது பயன்பாட்டுக்கு வந்தபின் இரண்டாவது. சமையலறைக்குத் தண்ணீரும் அடுப்பும் இல்லாத பத்து நாளுக்குச் சாப்பாட்டுச் செலவு தனியாக வரும். பால்கனியில் ஒற்றை இண்டக்‌ஷனும் ஒரு வாளியும் வைத்துச் சமாளித்தால் அதில் பாதி மிச்சம்.

பணம் கொடுப்பதைத் தேதிக்குக் கட்டாதீர்கள், வேலைக்குக் கட்டுங்கள். அட்வான்ஸ் 20 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். குழாய்ச் சோதனை முடிந்ததும் 25, தண்ணீர் நிறுத்தும் சோதனை தேறியதும் 20, டைல்ஸ் முடிந்ததும் 25. கடைசி 10 சதவீதத்தை, குளித்து, துவைத்து, சமைத்து இரண்டு வாரம் புழங்கிய பிறகு, கீழ் வீட்டுக் கூரையையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.